மார்லிஸும் மாதிரி வீடுகளும்

எங்கள் எல்ம்கிரீக்கில் கட்டி முடித்த எந்த மாதிரி வீட்டையும் மார்லிஸ் ஹாக்ஸ்ட்ரா பார்க்காமல் விட்டதில்லை. வாங்கும் எண்ணம் அவளுக்குக் கிடையாது. அவளும் டெல்பெர்ட்டும் என் பக்கத்து வீட்டில் குடியேறியபோது ஊரில் ஒரே ஒரு போக்குவரத்து விளக்குதான் இருந்தது. அந்த வீட்டை விட்டு அவர்கள் அசையப் போவதில்லை.

பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பழக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய் வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுக் காரை எடுப்பாள். ஊர் மேற்கே வளர்ந்துகொண்டிருந்தது. சோயா வயலாக இருந்த இடத்தில் அடுத்த வசந்தத்தில் தீயணைப்புக் குழாய்கள் மட்டும் புல்லுக்கு நடுவே நிற்கும். பிறகு தெரு வரும், கொடிகள் பறக்கும் மாதிரி வீடு வரும். மார்லிஸ் போய் எல்லா இழுப்பறைகளையும் திறந்து பார்ப்பாள். குழாயைத் திருகுவாள். நிலவறைக்கு இறங்கிச் சுவரைத் தட்டிப் பார்ப்பாள்.

விற்பனைப் பெண் கெய்லிக்கு இது பழகிவிட்டது. "இந்த வாரமும் வாங்கலயா மார்லிஸ்?" என்று கேட்டபடியே பிஸ்கட் தட்டை நீட்டுவாள்.

"அலமாரி பத்தாது கண்ணு. அடுத்ததக் கட்டிட்டுச் சொல்லு."

டெல்பெர்ட் ஒரு தடவையும் கூடப் போனதில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி என்னைக்கூட அவ இவ்வளவு சுத்திப் பாக்கலய்யா" என்பான் என்னிடம்.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு, மதியம் தாண்டியதும் சுழற்காற்று எச்சரிக்கை சைரன் ஊதியது. சைரன் கேட்டால் நிலவறைக்குள் இறங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். எங்கள் தெரு ஆண்கள் முதலில் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார்கள். அன்றும் வந்தோம். டெல்பெர்ட் வாசலில் மடக்கு நாற்காலியை விரித்து, பீர் டப்பாவோடு உட்கார்ந்திருந்தான்.

"வடக்கால போயிரும்" என்றான்.

"போன வருஷமும் இதையேதான் சொன்ன. உன் கொட்டகைக் கூரை போச்சு."

"அது கூரையாய்யா? தானா விழ வேண்டியது."

மேற்கே வானம் பச்சையாக இருந்தது. காற்று சட்டென்று நின்றுவிட்டது. ஒரு பறவைச் சத்தமும் இல்லை.

"மார்லிஸ் கீழ இருக்காளா?" என்று கேட்டேன்.

டப்பாவை மெதுவாகத் தரையில் வைத்தான். அவள் போயிருந்ததும் மேற்கேதான். என் கைபேசியில் அவளை அழைத்தேன். அவர்கள் வீட்டுச் சமையலறைக்குள் மணி அடித்தது.

என் பிக்கப் வண்டியில் கிளம்பினோம். மாவட்டச் சாலைத் துறையில் வேலை பார்த்தவன் நான். பெரிய சாலைகள் எல்லாம் தெரியும். ஆனால் அந்தப் புதிய குடியிருப்புக்குள் நுழைந்ததும் திசை தப்பியது. தெருக்கள் வளைந்து வளைந்து போய் முட்டுச்சந்தில் முடிந்தன. பெயர்ப்பலகையும் நடவில்லை.

"இங்க திரும்பு."

"இப்பத்தானய்யா இதுல வந்தோம்."

"எல்லாத்தையும் ஒரே சாம்பல் கலர்ல கட்டித் தொலைச்சிருக்கானுங்க!"

ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. முன் கண்ணாடியில் ஒரு கீறல் ஓடியது. அந்த நேரத்தில்தான் கொடிகள் கண்ணில் பட்டன. மாதிரி வீட்டின் முன்னால் மார்லிஸின் கார் இல்லை.

கெய்லி கதவைத் திறந்து எங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கீழ வாங்க, கீழ வாங்க!"

"மார்லிஸ் எங்கம்மா?"

"சைரன் கேட்டதுமே கிளம்பிட்டாங்க. இங்கயே இருங்கன்னு கெஞ்சினேன். 'அந்த ஆளு இந்நேரம் வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காந்திருப்பான், இழுத்துக் கீழ கொண்டு போகணும்'னு சொல்லிட்டு ஓடினாங்க."

டெல்பெர்ட் வாசலை நோக்கித் திரும்பினான். அவன் இடுப்புப் பட்டையை நான் பிடித்துக்கொண்டேன். வெளியே தெருவே தெரியவில்லை. இருவருமாக அவனைப் படியில் இறக்கினோம். தலைக்கு மேலே யாரோ கனமான மேசைகளைத் தரையோடு இழுப்பது போலச் சத்தம் கேட்டது. விளக்கு அணைந்தது. கெய்லியின் கையில் பிஸ்கட் தட்டு அப்படியே இருந்தது.

"அவளுக்கு என்னைத் தெரியும்ய்யா" என்றான் இருட்டில். "அதுதான் தப்பாப் போச்சு."

சத்தம் ஓய்ந்ததும் திரும்பினோம். சுழற்காற்று எங்கள் தெருவுக்கு வடக்கே, வீடு எழும்பாத மனைகளின் மேல் போயிருந்தது. ஆனாலும் தெரு முழுக்க ஓடுகளும் கிளைகளும் கிடந்தன. மார்லிஸின் கார் புல்வெளியில் குறுக்காக, கதவு திறந்தபடி நின்றது. பீர் டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது. நாற்காலியைக் காணோம்.

டெல்பெர்ட் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே உள்ளே ஓடினான். நிலவறையின் கடைசிப் படியில் அவன் மழைக்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு மார்லிஸ் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"நாற்காலி பறந்து போறதப் பாத்தேன்" என்றாள். "அதுல நீ இருந்தியா இல்லையான்னு தெரியல."

"உன்னைத் தேடித்தான் போனேன்."

"என்னையா? இந்த ஊர்ல இருக்கிற அத்தனை நிலவறையும் எனக்குத் தெரியும். தண்ணித் தொட்டிக்குப் பின்னால போட்ட புது ரோட்டுல வந்தேன். உன்னை யாரு தேடச் சொன்னா?"

கோட்டால் அவனை ஓங்கி அடித்தாள். அடித்த கையாலேயே அவன் சட்டைக் கையைப் பிடித்தவள், வெகுநேரம் விடவில்லை.

நாற்காலி என் மேப்பிள் மரத்தின் உச்சிக்கிளையில் சிக்கியிருந்தது. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. சைரன் ஊதினால் எங்கள் தெரு ஆண்கள் இப்போதும் வெளியே வருகிறோம். டெல்பெர்ட் மட்டும் வருவதில்லை. அவன் குரல் நிலவறையின் சின்ன ஜன்னல் வழியாக வரும்.

"ஹோவர்ட்! வானம் எப்படிய்யா இருக்கு?"

உடனே அவள் குரலும் வரும்.

"பதில் சொல்லாத ஹோவர்ட். சொன்னா மேல வந்துருவான். நீயும் கீழ போய்த் தொலை!"