எகிப்துக்கு ஒரு சீட்

டிராவல் ஏஜெண்ட் தொழிலுக்கு முதலீடு இரண்டே இரண்டுதான்: நல்ல வாய், வழவழத் தாளில் அச்சடித்த ஒரு படப் புத்தகம். எண்பதுகளில் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஆரணியில் எகிப்து டூருக்கு ஆள் சேர்த்தேன். பதினைந்து பேர் சேர்ந்தால் எனக்கு ஒரு சீட் இலவசம் என்று மெட்ராஸ் கம்பெனி சொல்லியிருந்தது. ஆறாம் வகுப்புப் பாடத்தில் பிரமிடு படத்தைப் பார்த்த நாள் முதல் அதன் முன்னால் ஒரு தடவை நின்றுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவசரப்பட்டு பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டேன். மற்றபடி, பக்கத்தில் இருக்கும் திருமலை சமணர் குகைக்குக்கூட நான் போனதில்லை. எகிப்தைப் பார்த்திருக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எதையாவது விற்றுப் பிழைத்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

முதல் மூன்று இடங்கள்

முதலில் பட்டு வியாபாரி ஜம்புலிங்கத்தைப் பிடித்தேன். பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எடுத்துவிட்டேன். முதலில் பிரமிடு, ராஜாவின் சமாதி. அடுத்து ஒரு பள்ளத்தாக்கு, அங்கே வரிசையாக ராஜாக்களின் சமாதி. மூன்றாவது மியூசியம், அங்கே அந்த ராஜாக்களே படுத்திருப்பார்கள். அவர் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"ஏம்பா, நீ காட்டற எடமெல்லாம் சுடுகாடாவே கீதே, ஊர்க்காரங்க எங்கதான் குடியிருக்காங்க?"

அமாவாசை

தறிக்காரர்களுக்கு ஞாயிறு லீவு கிடையாது, அமாவாசைதான் லீவு. சேவூரில் பத்து தறி வைத்திருந்த தேவராஜுக்கு லீவு என்றாலே அமாவாசைதான். டூர் தேதியைச் சொன்னதும் காலண்டரைப் பார்த்தார், முகம் சுருங்கியது. என்ன குறை என்று கேட்டேன்.

"நீ சொல்ற தேதியில அமாவாச வருதே, அன்னிக்கு பிரமிடு தொறப்பாங்களா?"

கட்டாயம் திறப்பார்கள் என்று சத்தியம் செய்து அவரைச் சேர்த்தேன்.

துணி

ஒரு மாதம் அலைந்தும் தேவராஜைத் தவிர ஆள் இல்லை. எனக்கே வெறுத்துப்போனது. ஒரு நாள் குப்பம்மாள் என்ற ஜவுளிக்கடைக்கார அம்மாவிடம், மியூசியத்தில் இருக்கிற ராஜாவைத் துணியால் சுற்றி வைத்திருக்கிறார்கள், மூவாயிரம் வருஷமாகியும் துணி அப்படியே இருக்கிறது என்று வாய் தவறிச் சொன்னேன்.

கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். நூல் என்ன நம்பர், சாயம் போட்டதா, கரை உண்டா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பிரமிடைப் பற்றி யாருமே கேட்கவில்லை. குப்பம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நம்ம சேலை மூணாம் மாசமே ரிட்டன் வருது. அந்தத் துணிய நெய்ஞ்சவன் வம்சம் யார்னா அங்க கீறாங்களான்னு பாக்கணும், எங்க வூட்ல நாலு பேர எழுதிக்க."

அதன் பிறகு நான் எகிப்தை விற்கவில்லை, துணியைத்தான் விற்றேன். பத்தே நாளில் தேவராஜோடு சேர்த்துப் பதினாலு பேர்.

பதினைந்தாவது ஆள்

கடைசி நாள் ஜம்புலிங்கமே வந்து பதினைந்தாவதாகப் பேர் கொடுத்தார். என் சீட் உறுதி. எழுந்து நின்று கும்பிட்டேன். சந்தோஷத்தில் அவருக்கு சோடா வாங்கிக் கொடுத்தேன். பாதி சோடா உள்ளே போனதும் தன் மச்சானையும் கூட்டிப் போக வேண்டும் என்றார். சீட் இல்லை, கம்பெனி கொடுத்தது பதினாறுதான், என்னுடையதோடு கணக்கு முடிந்துவிட்டது என்றேன்.

"நீ இன்னாத்துக்குப்பா மறுபடியும் போய்கினு? நீதான் மூல முடுக்கெல்லாம் பாத்துட்டு வந்து சொல்றியே, உன் சீட்ட அவனுக்குக் குடு."

பார்த்ததே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அன்று சாயங்காலத்துக்குள் பதினைந்து பேரும் கழன்றுகொள்வார்கள். மச்சானின் பேரை என் கையாலேயே எழுதினேன்.

டூர் முடிந்து திரும்பி வந்ததும் ஜம்புலிங்கம் நேராக என்னிடம்தான் வந்தார். வெயிலில் முகம் கறுத்து, மூக்கு உரிந்திருந்தது. என் தோளைத் தட்டிச் சொன்னார்:

"பலே ஆளுப்பா நீ, சொன்னது சொன்னா மாதிரியே கீது, ஒரு கல்லுகூட மாறல!"

எகிப்தைக் கரைத்துக் குடித்தவன் என்று ஆரணியில் எனக்கு இன்றைக்கும் பெயர், ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியான என் பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.