எஞ்சினுக்கு வைத்த சந்தனம்

என் கணவருக்கு எதுவும் வாங்கினபடியே இருக்கக் கூடாது. கல்யாணத்துக்கு வந்த அலாரக் கடிகாரத்தின் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறேன் என்று பிரித்து, அதை ஒரேயடியாக ஊமையாக்கியவர். என்னை மட்டும் எப்படிப் பிரிக்காமல் விட்டார் என்பது எனக்கே ஆச்சரியம்.

சுதந்திரம் வந்த மறுவருஷம், ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து என் அண்ணா இரண்டு பொம்மைக் கார்களை வாங்கினான். பொம்மை என்றாலும் நிஜ எஞ்சின். அதன் சக்கரத்தில் நூலைச் சுற்றி வெடுக்கென்று இழுத்தால் கிளம்பும். நடுவில் முளை அடித்துக் கயிற்றில் கட்டிவிட்டால் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வரும். ஒன்றை அண்ணா தி. நகரில் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டான். இன்னொன்றை மயிலாப்பூருக்குக் கொண்டுவந்து இவரிடம் கொடுத்தான்.

"மாப்பிளே, சீமைச் சரக்கு. நோண்டாதீங்கோ. நோண்டி ஓடாமப் போச்சுன்னா எங்கிட்டயே திருப்பிக் குடுத்துடணும். விஜயதசமியன்னிக்கு வந்து பார்ப்பேன்."

"ஆகட்டும்" என்றார். அன்று சாயங்காலமே அரத்தை எடுத்துவிட்டார்.

எஞ்சினில் காற்று போக ஒரு துளை உண்டு. அதைப் பெரிதாக்கினால் வேகம் கூடும் என்பது அவர் கட்சி. ராவினார், என் பல்பொடியைப் போட்டுத் தேய்த்தார், மறுபடி ராவினார். விளக்கெண்ணெய், ரேஷன் மண்ணெண்ணெய், மருந்துக்கடை ஈதர் மூன்றையும் கலந்து ஊற்றி ஓட்டிப் பார்த்ததில் வீடே ஆஸ்பத்திரி மாதிரி நாறியது.

"அண்ணாவோடது நன்னாத்தானே ஓடறது? இதை ஏன் போட்டுக் குடையறேள்?"

"அது கம்பெனிக்காரன் ஓட்டறது. உங்கண்ணா கிட்டக்க நின்னுண்டு பார்க்கறார், அவ்வளவுதான்."

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் அது அடியோடு நின்றுபோயிற்று. துளை அளவுக்கு மீறி அகன்றுவிட்டதாம். காற்று புகுந்ததே தவிர எண்ணெயை உறிஞ்சவில்லை. நூலை இழுத்து இழுத்து விரல் கொப்பளித்ததுதான் மிச்சம். அவர் முகத்தைப் பார்த்து எனக்கே கேலி பண்ண வாய் வரவில்லை. மறுநாள் எப்படியாவது சரிபண்ணிவிடலாம் என்று படுத்தார்.

நானோ விடிந்ததும் வழக்கப்படி புத்தகங்களோடு அரத்தையும் காரையும் பூஜையில் அடுக்கிவிட்டேன். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். எஞ்சினுக்கு நெற்றி எது என்று தெரியாமல், அந்தத் துளையின் விளிம்பிலேயே தாராளமாக அப்பினேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாதே! அன்றைக்கெல்லாம் அவர் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தே பொழுதைக் கழித்தார்.

விஜயதசமி காலை, மறுபூஜை முடிகிற நேரத்துக்கு அண்ணா வந்து நின்றான். சந்தனத்தைத் துடைக்கக்கூட அவகாசம் இல்லை. மொட்டை மாடியில் முளையில் கட்டி, குனிந்த தலை நிமிராமல் இவர் நூலை இழுத்தார்.

கிளம்பிவிட்டது! அண்ணா வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினான். எண்ணெய் தீரும்வரை சுற்றியது.

"பலே மாப்பிளே! இனிமே இது உங்களோடதுதான். அப்படி என்ன பண்ணினேள்?"

அவர் காரைக் கையில் எடுத்துத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தனம் காய்ந்து வளையமாக ஒட்டி, அதைக் கம்பெனிக்காரன் வைத்த அளவுக்கே சுருக்கியிருந்தது.

அண்ணா படியிறங்கினதும் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். "கவலைப்படாதேங்கோ, வருஷம் பூரா அரைச்சுத் தரேன்."

அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஈரத்துணியால் சந்தனத்தைச் சுத்தமாக வழித்தெடுத்தார்.

"ஐயோ, ஓடிண்டிருந்ததை ஏன்னா கெடுக்கறேள்?"

"இன்னிக்கு ஓடினது உன்னோடது. என்னோடது இன்னும் ஓடலையே."

எனக்கு ஆத்திரமும் வந்தது, அவர்மேல் ஆசையும் வந்தது. அவர் அரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். குங்குமத்தோடு அது பூஜை அலமாரியிலேயே இருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.