எங்கட பிளேன்

தொண்ணூற்றொன்பது வசந்தத்தில் ஒரு மாலை நான் வேலையால் வந்தபோது, ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் என்னோடு வீட்டைப் பகிர்ந்திருந்த மன்னார் அண்ணை டிவிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எங்கட பிளேன் போய்ப் போட்டிட்டுதாம் தம்பி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் பிளேன் சத்தம் கேட்டாலே பங்கருக்குள் பாய்ந்த மனிதர். அவர் வாயில் 'எங்கட பிளேன்'. கனடாவும் சேர்ந்த மேற்கு நாடுகளின் கூட்டணி, கொசோவோச் சனத்துக்காகச் சேர்பியாவில் குண்டு போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. அண்ணை குடியுரிமைச் சத்தியம் எடுத்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

அவருடைய கணக்கு நேரானது. கூட்டணியில் ஒரு நாட்டுக்கு அடித்தால் எல்லா நாட்டுக்கும் அடித்த மாதிரி என்று ஆங்கில வகுப்பு ஆசிரியை சொல்லியிருந்தார். கனடா கூட்டணியில் இருக்கிறது. அவர் கனடியன். வன்னிக் காட்டுக்குள் ஒரு மாதா கோயில் வளவில் தறப்பாள் கூடாரத்தில் இருந்த மனைவியும் மகளும் அவருடையவர்கள். அவர்களை இங்கே கூப்பிடும் அலுவலோ இழுபட்டுக்கொண்டே இருந்தது. வன்னியை விட்டுக் கொழும்புக்கு வர அனுமதிப் பாஸ் கிடைக்கவில்லை. ஆகவே கூட்டணியை நம்பினார்.

"அப்ப பிள்ளைக்கு ஏதும் எண்டால் ஜேர்மன்காரனும் ஓடி வருவானோ?" என்று சீண்டினேன்.

"வரத்தானே வேணும். கொசோவோச் சனமும் கூட்டணியில இல்லை. எண்டாலும் அவைக்காகப் போச்சினம்தானே."

எங்களுக்காக ஒருவனும் வரமாட்டான் என்பது எனக்குத் தெரியும். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன்? அவராவது நிம்மதியாக நித்திரை கொண்டார்.

குளிர் தொடங்கும்போது, அந்தக் கோயில் வளவில் ஷெல் விழுந்தது என்று செய்தி வந்தது. யார் இருக்கிறார்கள், யார் இல்லை, ஒன்றும் தெரியவில்லை. அண்ணை சத்தியம் எடுக்க வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு, மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு, எங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனார்.

"எங்களுக்கு அடிச்சுப்போட்டாங்கள் எண்டு சொல்லு."

சொன்னேன். அங்கிருந்த இளம்பெண் நல்லவள். ரொறன்ரோவில் யாரோ அவருக்கு அடித்துவிட்டார்கள் என்று நினைத்து, முதலில் பொலிசுக்குப் போகச் சொன்னாள். விஷயம் விளங்கியதும் கண் கலங்கினாள். ஒப்பந்தம் நாடுகளுக்கு இடையில்தான், ஆட்களுக்கு இல்லை என்றாள். அடுத்து அவள் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன்.

"எங்களால ஒண்டும் செய்யேலாது."

"எங்களால எண்டால் ஆரால? என்னையும் சேர்த்தோ?"

எழுத்தில் நம்மால் என்றும் எங்களால் என்றும் இரண்டு உண்டு. முன்னால் நிற்பவரைச் சேர்க்க ஒன்று, விலக்க ஒன்று. எங்கள் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்திலும் அப்படித்தான். அவளிடம் நான் எப்படிக் கேட்பது? அண்ணை அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

சில நாட்களில் மன்னாரிலிருந்து, நாங்கள் சுவாமியார் என்று சொல்லும், அந்தக் கோயிலுக்குப் போய்வரும் பாதிரியார் ஒருவர் தொலைபேசி எடுத்தார். மனைவி உயிரோடு இருந்தார். மகள் இல்லை.

அடுத்த நாள் அண்ணை வழமைபோல ரெஸ்ரோரண்டுக்குக் கோப்பை கழுவ வெளிக்கிட்டார். இன்றைக்குப் போகவேண்டாம் என்று கதவில் மறித்தேன். அவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி, நிமிராமலே சொன்னார்.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேற இடம் போகட்டோ எண்டு மனுசி கேட்டு விட்டவள். நான்தான் சுவாமியாரிட்டச் சொல்லி விட்டனான், அங்கயே இருங்கோ, கெதியில எங்கட பிளேன் வரும் எண்டு."

கயிற்றை இறுக்கிவிட்டு எழும்பி வேலைக்குப் போனார்.