குற்றாலத்தில் நான் கூட்டிய பிரட்டு

எனக்கு வயது அறுபத்தாறு. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, ஒன்று என் அக்கா பெற்றது. இலங்கையில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, கல்யாணமான புதிதில் கப்பலேறி வந்து, தென்காசியில் வேர் பிடித்தவள். இத்தனை வருஷமாகியும் ஒன்று மட்டும் பழகவில்லை. சீசன் வந்து குற்றாலத்தில் சாரல் விழுந்தால், எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வந்து, தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு, சிரித்துச் சிரித்து நனைகிறார்கள். நாங்கள் மழையென்றால் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, தலையில் கம்பளியைப் போட்டு, நனையாமல் கொழுந்து பறிக்கப் பார்ப்போம். தோட்டத்தில் இருக்கிற என் சொந்தங்களும், என்னைப்போலக் கப்பலேறி வந்து சிதறிக் கிடக்கிறவர்களும் இதைப் படித்தால், நனைந்ததைத் தொட எனக்கு ஏன் பயம் என்று கேட்க மாட்டார்கள்.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் துணி வெளுக்கும் பொறுப்பு எனக்கு. என்னோடு வேலை பார்க்கிறவள் ரஹ்மத்து, தென்காசிக்காரி. அவள் புருஷன் சவுதியில் இருக்கிறார். இரண்டு பெண் குழந்தைகள். போன சீசனில் ஒரு காலை, மாடித் தகரக் கொட்டகையில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தவள் படக்கென்று கையை உதறினாள்.

"ஆச்சி, கம்பி என்னைய இழுக்கு."

"வெளாடாத புள்ள."

"வெளாட்டா? இங்கன பாருங்க, கை எப்படி ஆடுதுன்னு. எனக்கு ஏதும் ஆச்சுன்னா அவுக லீவு கெடச்சு வாரதுக்குள்ள..."

மேலே பார்த்தேன். சுடுதண்ணி ஹீட்டருக்குப் போகிற வயர், துணிக் கம்பியின் மேல் உரசிக்கொண்டு கிடந்தது.

என் அக்கா புருஷன் தேயிலை ஃபாக்டரியில் மிஷினில் வேலை செய்தார். மிஷினில் கரண்ட் கசிகிறது என்று கங்காணியிடம் சொன்னார். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். சொல் மேலே போனது; கீழே வரவில்லை. ஒரு மழை நாளில், நீட்டிய கை நீட்டியபடியே கிடந்தார். அவர் மகனைத்தான் நான்காவதாக நான் வளர்த்தேன்.

இதெல்லாம் கண்டவள் நான். ஆனாலும் கால் பழகின வழியில்தானே போகும்? தோட்டத்தில் அடுத்த பிரிவு ஆளோடு நேரே பேசக் கூடாது, மேலே இருக்கிறவரிடம்தான் சொல்ல வேண்டும். நானும் நேரே மேனேஜரிடம் போனேன். அவர் எல்லோரையும் நிற்க வைத்துத் திட்டினார். கிரைண்டர் போட்டுத்தான் வயர் சூடாகிறது என்று சமையல் மாஸ்டருக்கும் சேர்த்து விழுந்தது.

மாஸ்டர் கரண்டியோடு வந்தார். "சிலோன் ஆச்சி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? மேனேஜர்ட்ட போயா போட்டுக் குடுக்கது?"

எலக்ட்ரீசியன் சுடலை கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டு இறங்கினான். "வயர மாத்தணும்னா மெயின அமத்தணும். காலம்பற முழுக்கக் கரண்டு இருக்காது. சீசன் முடியட்டும்." ரிசப்ஷன் தம்பி பிரபு கையெடுத்துக் கும்பிட்டான். "அருவியில வெறச்சுப்போயி வாரவனுக்குச் சுடுதண்ணி இல்லன்னா, என் சட்டையத்தான் பிடிப்பான் ஆச்சி." அதன் பிறகு சமையல்கட்டிலிருந்து எனக்கு டீ வரவில்லை.

பயம் ஒன்றல்ல, இரண்டு. டேப் மழையில் எத்தனை நாள் தாங்கும் என்பது ஒன்று. பிழைக்க வந்தவள் அதிகாரம் பண்ணுகிறாள் என்று யாராவது வாய்விட்டுச் சொல்லிவிடுவார்களோ என்பது இன்னொன்று. ரஹ்மத்து வருவதற்கு முன்னால் மாடி ஏறி, புறங்கையால் கம்பியைத் தொட்டுப் பார்ப்பேன். உள்ளங்கையால் பிடித்தால் கரண்ட் விடாதாம்.

ரஹ்மத்துதான் சொன்னாள். "இங்கன அப்படி இல்ல ஆச்சி. மொதல்ல சம்பந்தப்பட்ட ஆளுகிட்டயே போணும். அவுக கேக்கலன்னாத்தான் மேல."

போனேன். தலை குனிந்து இல்லை. நான் யாரிடமும் கெஞ்சிப் பழகியவளில்லை. மாஸ்டரிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். காலை இட்லி மாவு, அவ்வளவுதான். முதல் நாள் மாலையே ஆட்டிவிடுங்கள், அன்றைக்கு உங்கள் ஏப்ரனையும் கைத்துண்டுகளையும் முதலில் துவைத்துத் தருகிறேன் என்றேன். பிரபுவிடம், துணி அவிக்கிற பெரிய அண்டா இருக்கிறது, விறகு போட்டுச் சுடவைத்து வாளி வாளியாக ரூமுக்குத் தருகிறேன் என்றேன். சுடலை மட்டும் சிரித்தான். "சரி ஆச்சி, மத்த ரெண்டு பேரும் ஒரே வார்த்தையில நிக்கட்டும், பாப்போம்."

அதனால்தான் பிரட்டு கூட்டினேன். தோட்டத்தில் விடிவதற்கு முன் எல்லோரும் களத்தில் வரிசையாக நிற்போம். யார் எந்த மலைக்கு என்று கங்காணி சொல்வார். அதுதான் பிரட்டு. அங்கே நாங்கள் வாயைத் திறந்ததில்லை. இங்கே லாட்ஜின் பின்வாசலில் சாரலுக்கு ஒதுங்கி நின்ற எங்கள் ஆட்கள் வாயை மூடவே இல்லை.

"கூப்பிட்டு நிறுத்திட்டீயளே, கொடி எங்க ஆச்சி?" என்றார் மாஸ்டர்.

"துணி காயப்போடுற கொடி மேல இருக்கு. அதத் தொடத்தான் எங்களுக்குப் பயமா இருக்கு" என்றேன்.

சிரிப்பு நின்றது. ரஹ்மத்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் முதலில் பேசினார். "ஏலே சுடலை, நாளைக்கே அமத்து. நான் மாவ இன்னைக்கே ஆட்டிருதேன்." பிரபு, தானும் வாளி தூக்குவதாகச் சொன்னான்.

மறுநாள் அண்டா கொதித்தது. சுடலை டேப்பைப் பிரித்தான். உள்ளே வயர் கருகி, செம்பு பல்லிளித்தது. அவன் ரஹ்மத்தைப் பார்த்தான். "பிள்ளைகளுக்கு என்ன வயசுக்கா?" என்று மட்டும் கேட்டான். அன்று மாஸ்டர் டீயைத் தானே மாடிக்குக் கொண்டுவந்தார்.

புது வயர் வந்துவிட்டது. ஆனாலும் இன்றும் புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் போர்வையைப் போடுகிறேன். பனி மூடும் காலைகளில் மாடியிலிருந்து பார்த்தால், எதிரே இருப்பது குற்றால மலையா எங்கள் தோட்டத்து மலையா என்று தெரியாது. நடுவில் ஒரு கம்பி, அதில் நனைந்த வெள்ளைத் துணி. அந்தக் கொஞ்ச நேரம் எந்த மலைக்கு இந்தப் பயம் சொந்தம் என்று எனக்கே தெரிவதில்லை.

எழுத்துக் கூட்டி இவ்வளவும் எழுதிவிட்டேன். இனி, இங்கேயே பிறந்த பேத்தியைக் கூப்பிடுகிறேன். ஏட்டி மகேசு, இங்கன வா. நீ வாசிச்சா எங்க தோட்டமும் தென்காசிப் பேச்சுத்தான் பேசும். பேசட்டும். மொதல்லேருந்து சத்தமா ஒருதரம் படிச்சுக் காட்டு.