போர்டில் நாலு, போட்டோவில் ஏழு

பட்டாசுக் கம்பெனி ஆபீசில் "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்" என்று ஒரு தடவை வாயை விட்டால் போதும், அந்தப் பெட்டி சம்பந்தப்பட்ட பாவமெல்லாம் நம் தலையில்தான். என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும்.

சின்னவரின் ஆசை

நாரணாபுரம் பக்கம் எங்கள் கம்பெனி. பில் அடிக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். பிரவுசிங் சென்டர்களில் இளவட்டங்கள் பழியாகக் கிடந்து இன்டர்நெட் தளங்களில் நண்பர் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. முதலாளியின் மகனை நாங்கள் சின்னவர் என்போம். அந்த மாதிரித் தளத்தில் கம்பெனிக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"ஒளிவுமறைவு இல்லாத கம்பெனின்னு எல்லாருக்கும் தெரியணும். நம்ம கம்பெனிப் பழக்கவழக்கமே மாறிரும், பாருங்க."

வந்த பதில்

முதல் போட்டோ நான் எடுத்ததுதான். வெடிமருந்து அடைக்கிற அறைக்குள் கேமரா கொண்டுபோகக் கூடாது. தள்ளி நின்று வாசல் வழியாக எடுத்தேன். குனிந்து வேலை பார்க்கும் பெண்கள், வாசலுக்கு மேலே போர்டு, எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தது. நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் ஒரே ஒரு பதில். அறையில் வேலை பார்க்கும் பொன்னுத்தாயக்காவின் மகன் முருகேசன், கோயம்புத்தூரில் படிக்கிறவன், இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதியிருந்தான். படத்தைத் திரும்பத் திறந்து பார்த்தேன். ஆறு வருஷம் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு நாளாவது தலையை எண்ணினேனா?

"நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு போர்டு சொல்லுது. நான் ஏழு பேரை எண்ணுனேன். மூணாவதா குனிஞ்சிருக்கது எங்கம்மா."

வேப்பமரத்தடி

சின்னவர் முகம் செத்துப்போனது. கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. படத்தை அழிக்கச் சொன்னார். போர்மேன் மூன்று பேரை வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தினார். மீதி நாலு பேரை வேறு படம் எடுத்தேன். எடுத்து முடித்ததும் மூவரும் திரும்ப உள்ளே. எனக்கு வெட்கமாக இருந்தது. மரத்தடியில் நின்ற மூவரில் பொன்னுத்தாயக்காவும் ஒருத்தி. என்னைக் கடக்கும்போது கோபமே இல்லாமல் சொன்னாள்.

"எம் மகன் போன்ல அழுதான் தம்பி. நீங்க தெனமும் போட்டோ எடுக்க வாங்க. அம்புட்டு நேரமாச்சும் உள்ள நாலு பேரு இருக்கட்டும்."

பேட்டரி

போனேன். பக்கத்துக்குப் புதுப் படம் வேண்டும் என்று சின்னவரிடம் சொல்லிவிட்டுத் தினமும் போனேன். கேமராவைக் கண்டதும் போர்மேன் மூன்று பேரை மரத்தடிக்கு அனுப்புவார். நான் லென்சைத் துடைப்பேன், வெளிச்சம் பத்தவில்லை என்பேன், முடிந்த மட்டும் இழுத்தடிப்பேன். இன்னொரு பொய்ப் படம் எடுக்க மனசு வரவில்லை, பேட்டரியைக் கழற்றி ஆபீஸ் மேசையிலேயே வைத்துவிட்டுத்தான் போவது.

பத்தாம் நாள் போர்மேன் கேமராவை என் கையிலிருந்து வாங்கி, பின்மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் மூடியைச் சாத்தித் திருப்பிக் கொடுத்தார். அவர் கண் மரத்தடியில் இருந்தது.

"நாளைக்குக் கொஞ்சம் வெள்ளனமே வாங்க தம்பி. உள்ள அஞ்சாவதா உக்காருறது எம் பொஞ்சாதி."

இன்டர்நெட் பக்கம் ஒரு கம்பெனியின் பழக்கத்தை மாற்றுமா என்று கேட்பவர்களுக்கு, பேட்டரி இல்லாத கேமரா ஒன்று எங்கள் கம்பெனியைத் தினம் அரைமணி நேரம் மாற்றியது என்பதுவரைதான் எனக்குச் சொல்லத் தெரியும்.