ஆறு மணி நிபந்தனை

பிரிந்து வாழ்ந்த என் கணவரும் நானும் குடும்ப நல நீதிமன்றத்தின் சமரச மையத்தில் கையெழுத்திட்ட உடன்படிக்கையில், கடைசி நிபந்தனையை எழுதியவள் நான். ஆறு வயது மகளைச் சனிக்கிழமை காலை அவர் அழைத்துச் செல்லலாம்; மாலை ஆறு மணிக்குள் அடையாற்றில் என் வீட்டில் விட வேண்டும்; தாமதித்தால் அடுத்த சனிக்கிழமை கிடையாது. சமூகப்பணியில் முதுகலை படித்தவள் என்பதால், குழந்தைக்கு ஒழுங்கு தேவை என்று அதற்கு நியாயமும் எழுதியிருந்தேன். சனிக்கிழமை மாலை நெரிசலில் அவர் வசிக்கும் தி. நகரிலிருந்து கோட்டூர்புரம் பாலத்தைத் தாண்டி வர எவ்வளவு நேரமாகும் என்பதும் எனக்குத் தெரியும்.

என் வழக்கறிஞர் படித்துவிட்டுச் சிரித்தார். “மேடம், நீங்க நம்ம தொழிலுக்கு வந்திருக்கணும்.”

இரண்டாவது வாரமே கணவர் ஆறு இருபதுக்கு வந்தார். மகளின் காலில் புதுச் செருப்பு.

“பாண்டி பஜார்ல செருப்பு அறுந்துபோச்சு. வெறுங்காலோட நடக்க வெக்கச் சொல்றியா?”

“அடுத்த வாரம் வராதீங்க.”

“இருபது நிமிஷத்துக்கு ஒரு வாரமா? ஜெயில்லகூட இப்படிக் கெடையாதும்மா.”

அடுத்த சனிக்கிழமை மகள் குளித்து, தலை சீவி, வாசலில் உட்கார்ந்திருந்தாள். அப்பா ஏன் வரவில்லை என்று கேட்டாள். “நீயும் அப்பாவும் லேட்டா வந்தீங்கல்ல, அதான்” என்றேன்.

அதன்பின் அவர் ஒருபோதும் தாமதிக்கவில்லை. ஐந்து மணிக்கே இருவரும் எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மழை பெய்த ஒரு நாளிலும் அங்கேயே இருந்தார்கள். மாடியிலிருந்து பார்த்தேன்; கூப்பிடவில்லை.

“பீச்சுக்குப் போலாம்னா அழுவுறா. நாலு மணிக்கே கெளம்பணும்ங்கறா. நீ கொஞ்சம் சொல்லேன்” என்றார் ஒருமுறை.

நிபந்தனையைத் தளர்த்துவதாக நான் சொல்லியிருந்தால் போதும். தளர்த்தினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அடுத்து விடுமுறைகளைக் கேட்பார். பிறகு பாதிக் குழந்தையைக் கேட்பார். கதவைச் சாத்தினேன்.

உடன்படிக்கையை நீதிமன்றம் மறுபரிசீலனை செய்த நாளில் நீதிபதி எங்கள் முன்னிலையிலேயே மகளிடம் கேட்டார்.

“சனிக்கிழமை அப்பாகூடப் போறியாம்மா?”

“வேணாம்.”

“அப்பா அடிச்சாரா? திட்டினாரா?”

“இல்ல.”

“பின்ன ஏன்?”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நீதிபதி என்னைப் பார்த்தார். காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. குழந்தையின் விருப்பத்தை மதிக்கிறேன் என்றேன்.

வெளியே அழைத்துச் செல்லும் அனுமதி நிறுத்தப்பட்டது. இனி மாதம் ஒருமுறை, நீதிமன்றக் குழந்தைகள் அறையில், ஒரு மணி நேரம்.

தாழ்வாரத்தில் அவர் மண்டியிட்டு, “நான் இன்னாடா பண்ணேன், கண்ணு?” என்று மகளைக் கேட்டார். அவள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

ஆட்டோவில் கேட்டாள்: “இனிமே அப்பாவுக்கு லேட்டே ஆகாதுல்லம்மா?”

“ஆகாது.”

அவள் நிம்மதியாக என் மடியில் சாய்ந்தாள். நடந்ததை ஒரு மனுவாக எழுதிக் கொடுத்தால் அந்த ஆணையை மாற்றலாம். எப்படி எழுத வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஓர் ஆண்டாகிவிட்டது, இன்னும் எழுதவில்லை.