மஞ்சள் தண்ணீர் ஊற்றிய டின்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக எனக்குள் இழுபறி. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான், எழுதிப் பழக்கமில்லை. அது ஒரு காரணம். இதில் வருகிற ஆட்கள் நான் கும்பிடுகிற அதே மாரியம்மன் கோயிலில் எனக்குப் பக்கத்தில் நின்று கும்பிடுகிறவர்கள். திருநீறு வாங்கக் கை நீட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அம்மனுக்கு விரோதமாக எழுதிவிட்டாள் என்று யாராவது சொன்னால் என்னால் தாங்க முடியாது. விளக்கேற்றாமல் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிறவளில்லை நான்.

ஆனால் கொஞ்ச நாளைக்கு முன்னால் பதுளைக்குப் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டு வந்தாள். காதைக் கொடுத்துக் கேட்டேன். அது என் மகள் கதை. தலைகீழாகப் போயிருந்தது. அதற்குப் பிறகும் சும்மா இருந்தால் நான் பெற்ற தாய் இல்லை.

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவளை வாய் பேசாத பிள்ளை என்றுதான் வைத்திருந்தார்கள். கேட்டால் பதில் வராது. கடைசி வாங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். 'மந்தமான புள்ளைங்க, அதை அதன் போக்குல விட்டுருங்க' என்று பள்ளிக்கூட அதிபர் என்னிடமே சொன்னார். எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தால் அவள் வாய் ஓயாது. அதை நான் சொன்னால் யார் நம்புவார்கள்? தாய் அப்படித்தான் சொல்லுவாள் என்று சிரிப்பார்கள்.

அந்த வருஷம் புதிதாக ஒரு மிஸ் வந்தார். சின்னப் பிள்ளை மாதிரி இருப்பார். அவர்தான் வகுப்பில் சொல்லியிருக்கிறார்: ஒவ்வொருவரும் தனக்குத் தெரிய வேண்டிய ஒன்றைத் தானே யோசித்து, தன் கையால் செய்து பார்த்து, கண்டதைச் சொல்ல வேண்டும், வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்று. நல்ல யோசனை. அந்த மிஸ்ஸை நான் இன்றைக்கும் நினைத்துக் கும்பிடுகிறேன். அதற்குப் பெற்றோர்கள் என்ன மரியாதை கொடுத்தார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என் மகள் கேட்ட கேள்வி என்னிடமிருந்து வந்ததுதான். திருவிழாவுக்கு முளைப்பாரி போடுகிற பெண்களில் நானும் ஒருத்தி. விரதம் இருந்து, பயறு ஊறவைத்து, சட்டியில் விதைத்து, கோயிலுக்குப் பின்னால் உள்ள இருட்டு அறையில் வைத்துக் கதவைச் சாத்துவோம். மஞ்சள் கரைத்த தண்ணீர் தெளிப்போம். ஊர்வலத்துக்கு வெளியே எடுக்கும்போது முளையெல்லாம் நீளநீளமாக, மஞ்சள் மஞ்சேளென்று நிற்கும். மஞ்சள் தண்ணீர் தெளிப்பதால்தான் அந்த நிறம் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொள்வோம். யாரும் வேறு மாதிரி நினைத்ததே இல்லை.

"அம்மா, நம்ம தோட்டத்துப் பயறு பச்சயா இருக்கு. கோயில் பயறு மட்டும் ஏன் மஞ்சளா இருக்கு?"

"மஞ்சத் தண்ணி தெளிக்கிறோம்ல."

"மஞ்சத் தண்ணியா, இருட்டா?"

"அத நீயே பாரு" என்றேன்.

பார்த்தாள். இரண்டு பால்மா டின் எடுத்தாள். இரண்டிலும் ஒரே மண், ஒரே பயறு. ஒன்றை ஜன்னலில் வைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். இன்னொன்றைக் கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டியைக் கவிழ்த்து மூடி வைத்து, வெறும் தண்ணீர் ஊற்றினாள். என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்காரும்போதெல்லாம், "மெதுவாங்க, மெதுவா!" என்று கத்துவாள். "என்னா, கட்டிலுக்கு அடியில கோயில் கட்டிட்டியா? உண்டியல் எங்க?" என்று அவர் கேட்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. பெட்டியைத் தூக்கிப் பார்க்கக்கூட யாரையும் விடமாட்டாள்.

சரியாக முளைத்து வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மஞ்சள் தண்ணீர் குடித்தது குட்டையாக, தடிப்பாக, நல்ல பச்சை. வெறும் தண்ணீர் குடித்தது நீளமாக, மெலிந்து, அச்சு அசல் எங்கள் முளைப்பாரி நிறம்.

"இருட்டும்மா" என்றாள். அவ்வளவுதான். முகம் மட்டும் பளபளவென்று இருந்தது.

எனக்கு மனசில் சங்கடம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. மஞ்சளையும் அம்மன்தான் கொடுத்தாள், இருட்டையும் அவள்தான் படைத்தாள். எதில் நிறம் வைத்தாளோ அது அவள் இஷ்டம். நான் மஞ்சள் தெளிப்பது பக்திக்கு. பயறுக்குச் சாயம் பூசுவதற்கில்லை.

டின்னில் ஒட்டுவதற்கு அவளே எழுதினாள். கோணல் மாணல் எழுத்து. ஒன்றில் 'மஞ்சத் தண்ணி, ஜன்னல்.' மற்றதில் 'சும்மா தண்ணி, இருட்டு.' வகுப்பில் எழுந்து நின்று நாலு வசனம் பேசினாள் என்று மிஸ் எனக்குப் போன் எடுத்துச் சொன்னார். "உங்க மக பேசினாங்கம்மா. நான் கேக்காமலே பேசினாங்க." நான் அடுப்படியில் நின்று அழுதேன். இந்த வாய் மறுபடி மூடிவிடக் கூடாது என்பதுதான் அன்றிலிருந்து என் ஒரே பிரார்த்தனை.

பிறகுதான் பெரியவர்கள் உள்ளே வந்தார்கள்.

வகுப்போடு முடிய வேண்டியதைக் கண்காட்சியாக்கி, கல்விக் கந்தோரில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிற ஒரு பெரியவரை அழைப்பது என்று அதிபரும் பெற்றோர் சங்கமும் முடிவெடுத்தார்கள். சங்கத்துச் செயலாளர் சந்தியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறவர். எங்கள் கோயில் கமிட்டியிலும் அவர்தான் முன்னுக்கு நிற்பார். பெரிய ஆள் வருகிறார் என்றதும் பிள்ளைகள் செய்தது எல்லாம் குப்பை போல் தெரிந்துவிட்டது இவர்களுக்கு. பதுளை பஸாரில் வெள்ளை ரெஜிபோம் அட்டையை வெட்டி எரிமலை, பாலம் என்று ஓடருக்குச் செய்து கொடுக்கிற கடைக்கு ஓடினார்கள். நத்தைக்கு என்ன பிடிக்கும் என்று கீரையும் உப்பும் வைத்துப் பார்த்த பொடியன், கடையில் வாங்கிய பாலத்துக்குப் பக்கத்தில் நின்றான். எந்தத் துணி சீக்கிரம் காயும் என்று பார்த்த பிள்ளை, பொம்மை ரயில் ஸ்டேஷனுக்குக் காவல் நின்றது. நத்தையையும் துணியையும் கண்டால் பெரியவர் முகம் சுளித்துவிடுவாராம்.

கண்காட்சி அன்று காலை பள்ளிக்கூட ஹோலுக்குள் போனேன். வாசலில் பெரிய பெனர்: 'எம் கையால் செய்து கற்போம்.' உள்ளே மேசைக்கு மேசை, 'தொடாதீர்கள்.' படித்தவர்கள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் இது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

நடு மேசையில் செயலாளரின் மகன் ஓர் எரிமலைக்குப் பக்கத்தில் நின்றான். எரிமலை அவனைவிட உயரம். உள்ளே பல்ப் எரிந்தது. பையன் ஆசையாக ஒரு விரலை நீட்டினான்.

"டேய், தொடாத! ஒடஞ்சிரும்!" அப்பா பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டார். "சொல்லு, என்னா சொல்லணும்?"

"இது... என் சுய முயற்சியால... என் சொந்தக் கையால..."

"சத்தமா சொல்லு!"

"தம்பி, நெருப்பு எங்க இருந்து வருது?" என்று நான் கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்து, பிறகு பிளக்கைப் பார்த்தான். "அப்பாகிட்ட கேளுங்க."

பாவம், அவன் ஒருத்தன்தான் அங்கே உண்மை பேசினான்.

என் மகளின் மேசை சுவரோரம். போய்ப் பார்த்தால் டின்களில் அவள் எழுத்து இல்லை. போட்டோ கொப்பி எடுக்கிற கொமியூனிகேஷன் கடையில் அச்சடித்த புதுக் கடதாசி, பூ போட்ட போடர். நீளமாக, மஞ்சளாக நின்ற டின்னில் 'மஞ்சள் நீர் ஊற்றப்பட்டது.' பச்சை டின்னில் 'சாதாரண நீர் ஊற்றப்பட்டது.' மேலே, 'மஞ்சள் நீரின் மகிமை.' ஜன்னலும் இல்லை, இருட்டும் இல்லை. மகள் மேசைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றாள். வாய் இறுகிப் போயிருந்தது.

"அண்ணே, இது மாறிப் போச்சே" என்றேன்.

செயலாளர் சிரித்தார். "புள்ளதான் மாத்தி ஒட்டியிருந்திச்சு தங்கச்சி. நாங்க பாத்துச் சரியாக்கிட்டோம். மஞ்சத் தண்ணி ஊத்தினது பச்சயாவா வரும்? எவ்ளோ ஒசரமா வளந்திருக்குன்னு பாருங்க, அம்மன் கடாட்சம்!"

"இல்லண்ணே, அவ சரியாத்தான் எழுதினா. நான் வீட்டுல பாத்தேன்."

"நீங்களே மொளப்பாரி போடுறவங்க. நீங்களே இப்பிடிப் பேசினா எப்பிடி?" குரலைத் தாழ்த்தினார். "சாமி விசயம். பெரியவர் முன்னாடி வேற மாதிரி சொல்லி வச்சிராதீங்க."

கோயில் கமிட்டியில் இருக்கிற ஒரு மனுஷன். வருஷா வருஷம் முளைப்பாரி அறைச் சாவி அவர் கையில்தான். அந்த அறை இருட்டு என்பதுகூட அவர் மூளையில் ஏறவில்லை. பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடைசி வாங்குப் பிள்ளை பிழைதானே விடும்! மிஸ்ஸைத் தேடினேன். அவரை வரவேற்பு நடனத்துக்குப் பிள்ளைகளுக்குப் பூ வைக்க அனுப்பிவிட்டார்கள்.

பெரியவர் வந்தார், மாலை போட்டார்கள். எரிமலையோடு போட்டோ, பாலத்தோடு போட்டோ. எங்கள் மேசைக்கு வந்ததும் மேலே இருந்த தலைப்பை வாசித்தார்.

"அருமை! நம்ம பாரம்பரியத்துல எவ்வளவு விஞ்ஞானம் இருக்கு பாருங்க. யார் செஞ்சது?"

அதிபர் என் மகளின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். அவள் மறுபடி சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள். பெரியவரும் பதிலுக்குக் காத்து நிற்கவில்லை. பயறைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அடுத்த மேசைக்குப் போனார். போனது வாய், எல்லாம் போனது என்று நினைத்தேன்.

கடைசியில் பரிசு. முதல் இடம் எரிமலைக்கு. 'மஞ்சள் நீரின் மகிமை' என்ற ஆய்வுக்கு விசேட சான்றிதழ் என்று மைக்கில் என் மகளின் பேரைக் கூப்பிட்டார்கள். கைதட்டல். மேடையில் பெரியவர் சான்றிதழை நீட்டினார். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வாங்கிக்கோ மகள்."

"அது நான் செஞ்சதில்ல சேர்." மெதுவாகத்தான் சொன்னாள். மைக் பக்கத்தில் இருந்ததால் ஹோல் முழுக்கக் கேட்டது. "மஞ்சத் தண்ணி ஊத்தினது பச்சயாத்தான் வந்திச்சு. மத்தத நான் இருட்டுல வச்சேன். அதான் மஞ்சள். எழுதினது பிழை."

ஒருத்தர் இருமினார். செயலாளர் முன் வரிசையில் எழும்பி நின்று, "பயந்துட்டா சேர், சின்னப் புள்ள தானே" என்றார். முன் வரிசை முழுக்கச் சிரித்தது. பெரியவரும் சிரித்தார். படித்த மனுஷன், அந்த டின் இரண்டும் அங்கேதான் இருக்கிறது, இறங்கி வந்து ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. நேரமாகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்தார்.

அதிபர் சான்றிதழை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். "அம்மா, நீங்களாச்சும் வாங்குங்க. இல்லாட்டி மரியாதையா இருக்காது."

கோயில் பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மேடையிலிருந்து மகளும் பார்த்தாள். மற்ற எல்லோர் பார்வையையும்விட அது ஒன்றுதான் எனக்குக் கனத்தது. நான் வாங்கினால் அவள் இனி எதையும் தன் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லமாட்டாள்.

"அவ பேருக்குக் குடுத்தது சேர். அவ வேணாங்கிறா" என்றேன். எழும்பினேன். மகள் இறங்கி வந்து டின் இரண்டையும் தூக்கிக்கொண்டாள். மிஸ் கதவடியில் நின்றார், கையில் இன்னும் பூ இருந்தது. குனிந்து மகளின் தலையைத் தடவினார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. பிறகு அவருக்கும் ஏச்சு விழுந்தது என்று கேள்விப்பட்டேன்.

ரோட்டில் இறங்கி நடந்தோம். அவளைத் தேற்ற என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

"அம்மா" என்றாள், "பாதி நாள் இருட்டுலயும் பாதி நாள் வெளிச்சத்துலயும் வச்சா என்னா கலரு வரும்?"

"தெரியலயே."

"அப்பாட்ட கட்டில இன்னும் கொஞ்ச நாளைக்குத் தரச் சொல்லுங்க."

லயம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். அம்மன் என் பிரார்த்தனையைக் கேட்டுவிட்டாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த திருவிழாவில் முளைப்பாரிக்கு என்னைக் கூப்பிடவில்லை. கமிட்டி முடிவாம். வீட்டில் விளக்கு வைத்துக் கும்பிட்டேன், அம்மன் வந்தாள். இப்போது பஸ்ஸில் உலவுகிற கதையில், என் மகள் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாளாம், முளை ஓர் இரவில் முழ நீளம் வளர்ந்ததாம், பெரியவர் டின்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாராம், ஊமைப் பிள்ளை பேசியதாம். அம்மனுக்கு இந்தப் பொய் தேவையா? தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள அவளுக்கு ஒரு ஹாட்வெயார் கடைக்காரர் வேண்டுமா?

ஆகையால் இதை வாசிக்கிறவர்களிடம் கும்பிட்டுக் கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்த தாய்மாருக்கும் மிஸ்மாருக்கும் இதைச் சொல்லுங்கள், வாசித்துக் காட்டுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். அற்புதம் சேர்க்காதீர்கள். என் மகளைப் பெரிய விஞ்ஞானி ஆக்காதீர்கள், என்னைத் தைரியசாலி ஆக்காதீர்கள். எழுத்தில் பிழை இருந்தால் அதையும் அப்படியே விட்டுவிடுங்கள். திருத்துகிறேன் என்று மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம்.